பந்தி போட்டு ஆடிய ஐஸ் ஹாக்கி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

நான் பனியைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. கேமரன் மலைக்கு ஒருமுறை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவன். அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் நடுவில், சித்தியவானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில், பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்காக ஐஸ் ஹாக்கி லீக் ஒன்றை ஆரம்பித்து நடத்தினேன். தலைவர் நான், செயலாளர் நான், நடுவரும் நான். பொருளாளர் பதவி மட்டும் காலியாக இருந்தது. பொருள் இல்லாத இடத்தில் அவர் வந்து என்ன செய்வார்?

ஐஸ் ஹாக்கியை ஐஸ் மேல்தான் ஆடுவார்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். அந்த விளையாட்டுக்கு வேண்டியவற்றில் ஐஸ் ஒன்றுதான் நம்மிடம் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது என்று மனதார நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை பெரிதாக அசைந்துவிடவில்லை.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. நான் அப்போது தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி. அதாவது பெரிய கிராணி எழுதியதை மறுபடி எழுதுகிறவன். தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போனபோது பங்களாச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆளாளுக்கு நாற்காலி, பீங்கான் தட்டு, மேசை விளக்கு என்று எடுத்துப் போனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மிஞ்சியது ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். குளிர் நாடுகளில் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி லீக் எப்படி உண்டானது, அதை எப்படி நடத்துவது என்று எழுதியிருந்தது. படங்கள் இருந்த பக்கங்களைச் செல் அரித்திருந்தது. எழுத்தை அது தொடவில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த ஊர்களிலும் முதலில் லீக் எதுவும் கிடையாது. குளம் உறைந்தால் பையன்கள் ஆளுக்கொரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பெரிய பையன் சின்னப் பையனை இடித்துத் தள்ளுவான், சின்னவன் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவான். பிறகு கடைக்காரர்களும் கோயில்காரர்களுமாகச் சேர்ந்து வயதுவாரியாகப் பிரித்து, ஊருக்கொரு அணி அமைத்து, யார் யாரோடு என்றைக்கு ஆடுவது என்று ஒழுங்கு பண்ணினார்கள். தூரத்து ஊருக்கு ஆடப் போகும் பையன்களை அந்த ஊர்க் குடும்பங்கள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். அந்தக் கடைசி விஷயத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கிறார்களே என்று நினைத்தேன். பின்னால் நடந்த வினைக்கெல்லாம் அந்தக் கண்ணீர்தான் காரணம்.

ஆடுவதற்கு இடமும் தயாராக இருந்தது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடு போடும் ஆலை மூடப்பட்டுச் சும்மா கிடந்தது. நீளமான கூடம், பல வருஷம் பாலும் தண்ணீரும் ஓடி வழவழத்துப்போன சிமெண்டுத் தரை, சுற்றிலும் இடுப்புயரச் சுவர். தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் சவுக்காரத்தைக் கரைத்துவிட்டால் அதன் மேல் நிற்பதே ஒரு திறமை. வெறுங்காலோடு ஒரு பையனை நிறுத்தி முதுகில் லேசாகத் தொட்டால் எதிர்ச்சுவர் வரை போய்த்தான் நிற்பான். இது இருக்க ஐஸ் வேறு எதற்கு?

பக்கத்துத் தோட்டத்து மண்டோர் ஒருவர், வேலையாட்களை மேய்க்கிற தன் வேலை போக மிச்ச நேரத்தில் கால்பந்துக் குழு நடத்துகிறவர், என் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"கால்ல என்னலா போடுவானுங்க அந்த ஊர்ல?"

"சப்பாத்துக்கு அடியில கத்தி வச்சிருப்பாங்கண்ணே."

"கத்தியக் கால்ல கட்டிக்கிட்டா ஆடறானுங்க?" அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "நம்மகிட்ட எவ்வளவு கத்தி இருக்கு. ஒருத்தனுக்கும் இது தோணலையேலா."

கத்தியை மட்டும் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. ரப்பர் பெட்டிப் பலகையை அறுத்துக் கம்பு நுனியில் ஆணி அடித்து மட்டை செய்தோம். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு என்று புத்தகம் சொன்னது. அதைப் படித்ததும் ஆபீசே சிரித்தது. ரப்பரைப் பற்றி எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? புகை போட்டுக் காயவைத்த ரப்பர்த் தகடுகளை அடுக்கி, அழுத்தி, வட்டமாக நானே வெட்டினேன். முதல் அடியிலேயே அது தவளை மாதிரி எகிறி, சுவரைத் தாண்டி, எதிரே இருந்த ஆஸ்பத்திரிச் சன்னல் வழியாக உள்ளே போய், மருந்து கலக்கிக்கொண்டிருந்த டிரெசரின் மேசையில் உட்கார்ந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதத்திற்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர். எங்கள் டிரெசர் அதிகம் பேசமாட்டார். ஊசி போடுவதற்கு முன்னால் "திரும்பு" என்பார், போட்ட பிறகு "போ" என்பார். அன்று வட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"என்ன இது?"

"ஐஸ் ஹாக்கி, ஐயா."

என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வட்டை முதலில் குளிரவைத்தால் எகிறாது என்று புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருந்தது. முன்னாலேயே படித்திருக்கலாம். தோட்டத்து மளிகைக்கடை பாய், மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸ் பாளத்தின் மேல் வட்டை வைக்க இடம் கொடுத்தார்.

"ஐஸ் ஹாக்கிங்கிறியே தம்பி, ஐஸ் எங்கலா?"

"வட்டுக்கு அடியிலதான் பாய்."

எங்கள் ஐஸ் ஹாக்கியில் இருந்த ஐஸ் அது ஒன்றுதான்.

நாலு தோட்டங்கள் சேர்ந்தன. புத்தகப்படி ஒரு நேரத்தில் பக்கத்துக்கு ஆறு பேர் ஆடினால் போதும் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. பதினோரு பையன்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்துவது எந்தத் தோட்டத்திலும் நடக்காத காரியம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம் என்பதை எல்லோரும் உடனே புரிந்துகொண்டார்கள். ஒருவன் வரவில்லை என்றால் அவன் மரங்களில் இன்னொருவன் பால் வெட்டுவதுதானே தோட்ட வழக்கம். தப்பாட்டம் ஆடுகிறவனைத் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்ற விதிக்கு, பால் உறையவைக்கும் பழைய தொட்டி ஒன்று கிடைத்தது. தப்பு செய்தவன் தொட்டிக்குள் இறங்கி உட்கார வேண்டும். உள்ளே சில்லென்று இருக்கும். அதனால் அது தண்டனையாக நினைத்தபடி வேலை செய்யவில்லை.

வயதுதான் பெரிய தலைவலி. எங்கள் பக்கத்து அம்மாக்கள் பிள்ளையின் வயதைக் கேட்டால் "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். வேலைக்குச் சேர்க்க என்றால் இரண்டு கூடும். விளையாட்டுக்கு என்றால் இரண்டு குறையும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆளாக நின்று பேர் கொடுத்தவன், சாயங்காலம் என் முன்னால் அரைக்கால் சட்டையோடு வந்து பதினாலு என்பான். மீசையைக் காட்டினால், "அப்பாவுக்கும் சீக்கிரமே வந்துச்சுண்ணே" என்பான்.

வேறு வழியில்லாமல் டிரெசரிடம் போனேன். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசியைப் பிறந்தவுடன் தூக்கித் தண்ணீரில் கழுவியவர் அவர்தான். வரிசையாகப் பையன்களை நிறுத்தினேன். அவர் ஒருவனைப் பார்த்து, "நீ மூத்தவன், போ" என்றார். இன்னொருவனை, "இவன் சரி." மீசைக்காரனிடம் மட்டும் கொஞ்சம் நின்றார். "உங்க அம்மாவுக்கு வலி வந்தப்ப என் மோட்டார் சைக்கிள் புதுசு. இப்ப அதப் பாரு." ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

லீக் தொடங்கியது. தூரத்து வீரர்களுக்குக் குடும்பங்கள் சோறு போடும் வழக்கத்தை நான் விடவில்லை. வருகிற அணியில் ஒவ்வொரு பையனுக்கும் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு என்று பெரட்டுக்களத்தில் அறிவித்தேன். அதற்கு இருந்த கைதட்டல் வேறு எந்த விதிக்கும் கிடைக்கவில்லை.

புத்தகம் எழுதியவருக்கு எங்கள் லயங்களைத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. வீட்டுக்கு வந்த வெளித்தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டால் அந்த வீட்டுக்கு மானம் போச்சு. பையன் போதும் என்று கையால் தட்டை மறைத்தால் கைமேலேயே ஊற்றுவார்கள். ஒரு வீட்டில் ரசம் முடிந்ததும் அடுத்த வீட்டில் வந்து கூப்பிடுவார்கள், "இங்கேயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று. அப்புறம் அவன் வந்து சவுக்காரத் தரையில் நிற்பான். மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான்.

எல்லா ஆட்டத்திலும் சொந்தத் தோட்டமே ஜெயித்தது. நாங்கள் வெளியே போனால் தோற்றோம், வந்தவர்கள் இங்கே தோற்றார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் உற்சாகம் என்று புத்தகத்தில் ஒரு பகுதி இருந்தது. அதைப் படித்து நான் கூட்டத்தைப் பாராட்டிப் பேசினேன். மண்டோர்தான் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"மச்சான், ஜெயிக்கிறது உங்க பசங்க இல்லலா. உங்க கறி."

அடுத்த ஞாயிறு அவர் அணிப் பையன் ஒருவன் மூன்று பகுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், கோலுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தான். டிரெசர் வந்தார். பையனைப் படுக்கவைத்து ஓம வாட்டர் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பழகுற நாள்ல முட்டி, பல்லு. ஆடுற நாள்ல வயிறு. நான் எதுக்குத்தான் மருந்து வாங்கி வைக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பழகும் நாளில் பையன்கள் காலி வயிற்றோடு பறப்பார்கள். வாரத்துக்கு ஒரு முட்டியாவது ஆஸ்பத்திரிக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் துரைக்குப் பின் வந்த புது மானேஜர் ஆபீசுக்குள் வந்து, செம்பனைக்கு உரம் வருகிறது, ஆலைக் கூடத்தைக் கிடங்காக்கப் போகிறேன் என்றார். கூடம் போனால் லீக் போச்சு. மற்ற தோட்டங்களில் நாங்கள் ஆடியது சின்னச் சிமெண்டு முற்றங்களில்தான், இறுதி ஆட்டம் நடத்தும் அளவுக்கு ஒரு தரை வேறு எங்கும் இல்லை. இறுதி ஆட்டம் இருக்கிறது, பையன்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், மலாய் இரண்டையும் கலந்து கெஞ்சினேன். அவர் நல்ல மனுஷன். யோசித்துவிட்டு, இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன், பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று டிரெசர் சொன்னால் உரத்தைப் பழைய புகைக்கூடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ஆக, என் லீக்கின் உயிர் டிரெசர் வாயில் இருந்தது. அதிகம் திறக்காத வாய்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் மண்டோரின் தோட்டத்துக்கும். இடம் எங்கள் கூடம். ஆட்டத்துக்கு முன்னால் யாரும் சோறு போடக்கூடாது என்று விதி போட்டேன். அதை அறிவித்து லயத்துப் பக்கம் திரும்புவதற்குள் எதிர்வீட்டு அக்கா முறத்தோடு வெளியே வந்துவிட்டார்.

"தம்பி, இங்க வா. என்னமோ ரூலு போட்டியாமே?"

"ஆமாக்கா. பசங்க வயித்துக்குத்தான்..."

"வூட்டுக்கு வர்ற புள்ளைய வெறும் வயித்தோட போய் விழுந்து பொறளுன்னு சொல்ல எங்களுக்குத் தெரியாது. அந்தப் புள்ளையோட ஆத்தா நாளைக்கு என்னைய சந்தையில பாத்தா நான் மூஞ்ச எங்க வச்சிக்கிறது? ஒன் பொஸ்தவத்துலயா?"

பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் கரண்டி இருந்தது. நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சரிக்கா. போடுங்க. ஆனா நம்ம பசங்களுக்கும் அதே சோறு, அதே அளவு, ஒரே பந்தியில."

"அவனுங்க தெனந்தான் திங்கறானுங்க."

"இல்லக்கா. அவன் ரெண்டாவது தடவ வாங்கினா நம்மவனும் வாங்கணும்."

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் வயிறு நிறையும், மானமும் போகாது. "அப்படின்னா சரி," என்றார். "ஆடு கொஞ்சம் பெருசா பாக்கச் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் வாழையிலை போட்டு இரண்டு அணியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நடுவராக நடுவில் நடந்தேன். அவர்கள் பக்கம் ஒரு கரண்டி விழுந்தால் இங்கேயும் ஒன்று விழுகிறதா என்று பார்த்தேன். எங்கள் கோல்காரன் என்னைப் பார்த்து, "அண்ணே, முடியலண்ணே" என்றான். "தோட்டத்துக்காகச் சாப்பிடுடா," என்றேன். அவனும் சாப்பிட்டான். இப்படியொரு தியாகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கூடத்தில் சுவரைச் சுற்றிக் கூட்டம். மானேஜருக்கு ஒரு நாற்காலி. டிரெசர் அதற்குப் பக்கத்தில், ஒரு கையில் கட்டுத்துணிப் பெட்டி, இன்னொரு கையில் ஓம வாட்டர். எது முதலில் வந்தாலும் சமாளிக்க அவர் தயாராக இருந்தார். நான் வட்டைத் தரையில் வைத்தேன். அதிலிருந்து இன்னும் மரத்தூள் வாசனை வந்தது.

ஆட்டம் தொடங்கியதா என்று சிலருக்குச் சந்தேகம். ஆறு பேரும் ஆறு பேரும் சவுக்காரத் தண்ணீரில் கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தார்கள். வட்டு ஒருவனுக்கு முன்னால் வரும். அவன் அதைப் பார்ப்பான். அடிக்கலாமா என்று யோசிப்பான். அதற்குள் வட்டு அவனைத் தாண்டிப் போய்விடும். இரண்டு பேர் எதிரெதிரே வழுக்கி வந்து, வயிறும் வயிறும் மெத்தென்று மோதி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பழகும் நாளாக இருந்தால் அங்கே ஒரு பல் போயிருக்கும்.

இரண்டாம் பகுதியில் தப்பாட்டம் அதிகமானது. ஆனால் விசித்திரமான தப்பாட்டம். ஒருவன் வந்து எதிராளியின் தோளை விரலால் தொட்டுவிட்டு, "அண்ணே, தள்ளிட்டேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தானே தொட்டிக்குள் இறங்கினான். பின்னாலேயே இன்னொருவன். எட்டிப் பார்த்தால் இரண்டு அணியிலுமாக மூன்று பேர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் சுவரில் சாய்ந்துகொண்டு, "ரெப்ரி, தொட்டியில எடமிருந்தா சொல்லுலா, நானும் தப்பு செய்றேன்" என்றார்.

மூன்று பகுதியும் முடிந்தது. கோல் இல்லை. புத்தகப்படி, யாராவது ஒரு கோல் போடும்வரை ஆட வேண்டும். அதைச் சொன்னபோது பையன்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆடினார்கள். கடைசியில் மண்டோரின் அணிப் பையன் ஒருவன், எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் நின்று கவனித்துப் பரிமாறிய பையன், வட்டை நோக்கிக் காலை வைத்தான். கால் நழுவிவிட்டது. வயிற்றின் மேல் விழுந்தான். அந்த வயிறு உருண்டு திரண்டு இருந்ததால், அவன் நிற்கவே இல்லை. வட்டையும் அடியில் போட்டுக்கொண்டு, தோணி போவது போல் வழுக்கிக்கொண்டே போனான். எங்கள் கோல்காரன் அவன் வருவதைப் பார்த்தான், குனிய முயன்றான், முடியவில்லை. பையன், வட்டு, கோல்காரன் மூவரும் கோலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

வயிற்றால் போட்ட கோல் செல்லுமா என்று புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தையும் செல் தின்றிருக்க வேண்டும். செல்லும் என்று விசில் ஊதினேன். லீக்கில் வெளித்தோட்டம் ஜெயித்த முதல் ஆட்டம் அதுதான். நம்ம ஆட்கள் கோபப்படுவார்கள் என்று பயந்தேன். எதிர்வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, நான் போட்ட சோறு."

மானேஜர் எழுந்து டிரெசரிடம் என்னவோ கேட்டார். டிரெசர் கூடத்துக்குள் இறங்கி வந்தார். ஒவ்வொரு பையனின் முட்டியைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், தொட்டிக்குள் கிடந்தவர்களை எழுப்பி நாக்கை நீட்டச் சொன்னார். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும் ஒருவனும் ஓடவில்லை, அதனால் ஒருவனுக்கும் குமட்டவில்லை. கட்டுத்துணிப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஓம வாட்டர் குப்பியும் மூடியபடியே இருந்தது. திரும்பிப் போய் மானேஜரிடம் தலையை ஆட்டினார். மானேஜர் என்னைப் பார்த்துச் சிரித்து, புகைக்கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். உரம் அங்கே போயிற்று.

அதற்குப் பிறகு பல வருஷம் லீக் நடந்தது. எண்பதுகளில் நான் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த பிறகு, ஈப்போவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில், இழுத்து ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டே டிவியில் அசல் ஐஸ் ஹாக்கியை முதல் தடவையாகப் பார்த்தேன். தலைக்கவசம், தோள்கவசம், முட்டிக்கவசம் என்று ஒவ்வொருவனும் அலமாரி மாதிரி இருந்தான். அப்படியும் சண்டை, ரத்தம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர்களுக்கு ஆட்டத்துக்கு முன்னால் யாரும் பந்தி போடவில்லை.

இறுதி ஆட்டத்தன்று இவ்வளவு தூரம் எனக்குப் புரியவில்லை. கூடம் கிடைத்த குஷியில் டிரெசரின் பின்னாலேயே ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடினேன். அவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ரொம்ப நன்றி. இன்னிக்கு ஆட்டம் கொஞ்சம் மந்தம்தான், எனக்கே தெரியும். அடுத்த வருஷம் பாருங்க. எல்லார்கிட்டயும் பேசிச் சம்மதிக்க வச்சிடறேன், சோறெல்லாம் ஆட்டம் முடிஞ்ச பிறகுதான். அப்பத் தெரியும் நம்ம பசங்களோட வேகம்."

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். கிளம்புவதற்கு முன்னால் என்னை ஒருமுறை பார்த்தார்.

"சோத்த நிறுத்தாத."